மூன்று தட்டு

மரப்படகு உளுத்துப்போகும். இரும்புப் படகு துருப்பிடித்துச் சாகும். அலுமினியப் படகுக்கு மட்டும் சாவு கிடையாது. காற்றுப் பட்டதும் அதன்மேல் ஆக்சைடு படலம் ஒன்று தானாகவே மூடிக்கொள்கிறது. பிறகு அதற்கு மழையும் ஒன்றுதான், பனியும் ஒன்றுதான். நான் குடியிருக்கும் மினசோட்டாவில் தெருவுக்குத் தெரு ஏதாவது ஒரு கொல்லையில் ஒன்று குப்புறக் கிடக்கும். தாத்தா வாங்கி, அப்பா ஓட்டி, இப்போது பேரன் புல் வெட்டும்போது திட்டிக்கொண்டே சுற்றிப் போகிற படகு. தூக்கிப்போட மனம் வராது. தானாகவும் போகாது. யார் தலையிலாவது கட்டினால்தான் உண்டு.

எங்கள் தலையில் கட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். 14 அடிப் படகு, அதை ஏற்றிச் செல்ல ஒரு டிரெய்லர், இரண்டும் சும்மா. "கொஞ்சம் கசியும்" என்றார். இந்த ஊர்க்காரர்கள் எதையும் கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கார் நம்பர் பிளேட்டில் பத்தாயிரம் ஏரிகள் என்று போட்டுக்கொள்கிற மாநிலம் இது. பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. ஆயிரத்து எண்ணூறு ஏரிகளை அடக்கம் கருதி விட்டுவிட்ட ஜனங்கள் "கொஞ்சம்" என்றால் எவ்வளவு என்று நாம்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஏறத்தாழ 57 லட்சம் பேர் இருக்கிற மாநிலத்தில் பதிவு செய்த படகுகள் மட்டும் 8 லட்சத்துக்கு மேல். படகு இல்லை என்றால், "ஏன், உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்கிற ஊர்.

இந்தப் படகுகளுக்குத் தாய்வீடு விமானத் தொழிற்சாலை. 1944இல் கிரம்மன் விமானக் கம்பெனியின் வில்லியம் ஹாஃப்மன் அடிரான்டாக் மலைப்பக்கம் போனவர், கான்வாஸ் போர்த்திய மரத்தோணியைத் தூக்கிச் சுமந்து நொந்துபோனார். விமானத் தகட்டிலேயே தோணி செய்தால் என்ன என்ற யோசனை வந்தது அப்போதுதான். போர் முடிந்ததும் ஆளாளுக்கு இறங்கினார்கள். இதே மினசோட்டாவில், நியூயார்க் மில்ஸ் என்ற சிற்றூரில், 1948இல் லண்ட் கம்பெனி பிறந்தது. விமானத்துக்கு அடிக்கிற மாதிரியே தகட்டோடு தகடு வைத்து ரிவெட் அடித்த படகுகள். ஆக, பழைய அலுமினியப் படகைச் சரிசெய்ய உட்காருகிறவன் விமானம் கட்டுகிறவனுடைய தொல்லைகள் அத்தனையையும் அனுபவிக்கலாம். பறப்பதுதான் கிடையாது.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. படகை டிரெய்லரில் ஏற்றி, அடியில் நன்றாக முட்டுக் கொடுத்து, உள்ளே தண்ணீர் நிரப்ப வேண்டும். முட்டு முக்கியம், 14 அடிப் படகில் அரை அடி தண்ணீர் நின்றாலே நானூறு, ஐந்நூறு கிலோ கனக்கும். பிறகு கீழே படுத்துக்கொண்டு, சொட்டுகிற ரிவெட்டையெல்லாம் மார்க்கரால் வட்டம் போட வேண்டும்.

நான் அப்படிப் படுத்துக் கிடந்த நேரம் பார்த்து, ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்த அம்மா காபியோடு வெளியே வந்தாள். அம்மா நாகப்பட்டினத்துக்காரி.

"ஏண்டா, படகுக்கு வெளியிலதானே தண்ணி இருக்கணும்?"

விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டு, கட்டுமரத்தின் பெருமையைத் தொடங்கினாள். கட்டுமரத்தில் ஓட்டை என்ற பேச்சே இல்லை. கட்டையோடு கட்டையைச் சேர்த்துக் கட்டியது; அலை உள்ளே வரும், இடுக்கு வழியாக அதுவே இறங்கிப் போகும். வண்ணமில்லை, ரிவெட் இல்லை. வேலை முடிந்ததும் பிரித்துக் காயப் போடலாம். "அதைக் கண்டுபிடிச்ச ஊர்ல பொறந்துட்டு நீ இதுக்கு அடியில படுத்துக் கிடக்கிற" என்றாள். சுனாமிக்குப் பிறகு அங்கேயும் ஃபைபர் படகுதானே அதிகம் என்று சொல்ல வாயெடுத்தேன். காதில் ரிவெட் சொட்டியது.

மரவேலையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மோட்டார் பூட்டும் பின்பலகை விரல் வைத்தால் உள்ளே போகும் அளவுக்கு மக்கியிருந்தது. ஆபத்தில் படகு மூழ்காமல் மிதக்கவென்று இருக்கைக்கு அடியில் அடைத்த நுரைக்கட்டை, ஆண்டுக்கணக்கில் தண்ணீர் குடித்துப் படகையே கீழே இழுத்துக்கொண்டிருந்தது. கடைப் பையன், மக்காத மரம் என்று மருந்து ஏற்றிய பலகையைக் காட்டினான். அந்த மருந்தில் செம்பு இருக்கும். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். சாகாத அலுமினியத்துக்கு இருக்கிற ஒரு எமனை நானே காசு கொடுத்து வாங்கி வருவதா? சாதா மரைன் பிளைவுட் வாங்கினேன். அதன் விலையைப் பற்றி வீட்டில் பேச்சு எழவில்லை, ரசீது இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

பளபளப்பு ஏற்றும் கட்டத்தில்தான் அம்மா முழுமூச்சாக இறங்கினாள். மங்கிய அலுமினியத்தை இங்கே வினிகரும் கிரீம் ஆஃப் டார்டரும் கலந்து தேய்ப்பார்கள். "புளி போட்டுத் தேயேன்" என்றாள் அம்மா. சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: கிரீம் ஆஃப் டார்டர் என்பது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, புளியின் புளிப்புக்கும் முக்கியக் காரணம் அதே டார்டாரிக் அமிலம். அதற்குள் அம்மா ஒரு உருண்டையைக் கரைத்து, தோசைக்கல் அகலத்துக்குத் தேய்த்துவிட்டாள். அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஆகிவிட்டது. ஒரு இடம் வெளுத்தால் மற்ற இடமெல்லாம் அழுக்கு. இந்தியக் கடையில் புளிப் பாக்கெட்டுகளை அள்ளிப் போட்டதைப் பார்த்து, வீட்டில் விசேஷமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ரிவெட்டுக்கு வருவோம். ஒருவரே அடிக்கக்கூடிய பாப் ரிவெட் உண்டு. ஆனால் சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை இருக்கும், படகின் அடிப்பகுதிக்கு உதவாது. முழு ரிவெட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் ஏர் சுத்தியலால் அடிக்க, உள்ளே ஒருவர் கனத்த இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். வால் நசுங்கித் தலையாகப் பரவும். இரும்புக் கட்டிக்கு அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சிற்றுலக்கை. அதைப் பிடிக்க என் மனைவி.

சுத்தியல் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. விமானத் தொழிற்சாலைக்காரர்கள் இதற்கு ஒரு சங்கேதம் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் ரிவெட்டின்மேல் ஒரு தட்டு தட்டினால், இன்னும் அடி. இரண்டு தட்டினால், நன்றாக இருக்கிறது. மூன்று தட்டினால், கெட்டுவிட்டது, பிடுங்கிவிட்டு வேறு போடு. விளக்கம் கேட்க முடியாது, மேல்முறையீடும் இல்லை. ஒரு மனைவிக்கு இதைவிட வசதியான மொழியை யாரும் செய்து கொடுத்ததில்லை. நான் அடிப்பேன். சற்று அமைதி. அப்புறம் டொக், டொக், டொக்.

"நீ கட்டியைச் சாய்ச்சுப் பிடிக்கிறே" என்று வெளியிலிருந்து கத்தினேன்.

டொக், டொக், டொக்.

படகு முடிந்துவிட்டது. மொழி முடியவில்லை. நான் வைத்த ரசத்தை வாயில் விட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று நான் சொல்லச் சொல்ல மூன்று தட்டு. போன வாரம் அம்மாவும் கற்றுக்கொண்டாள்.

மே மாதம் இங்கே வால்ஐ (walleye) என்ற மீனைப் பிடிக்கும் பருவம் தொடங்கும் சனிக்கிழமை பெரும்பாலான வருஷங்களில் அன்னையர் தின வாரக் கடைசியில் வந்து விழும். அம்மாவை முன்னிருக்கையில் உட்காரவைத்துப் படகை ஏரியில் இறக்கினேன். மிதந்தது. ஒரு மூலையில் மட்டும் லேசாகக் கசிந்தது; அம்மா சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாள். வால்ஐ இந்த மாநிலத்தின் அரசு மீன், ஒன்று கிடைத்தது. குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, "முள்ளு கம்மிதான், ருசியும் கம்மி" என்று தீர்ப்புச் சொன்னாள்.

உங்களுக்கும் யாராவது படகைச் சும்மா தருகிறேன் என்பார்கள். அவர்கள் வாசலிலேயே ஹோஸைப் பிடித்து உள்ளே தண்ணீர் விட்டுப் பாருங்கள். வீட்டில் உள்ளே உட்கார்ந்து இரும்பைப் பிடிக்க ஆள் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் படகைத் தொடாதீர்கள்.