கூண்டேறாத கடைக்குட்டி

இலத்தீனில் ‘போய்னா’ என்றால் தண்டனை. அதன் வழிவந்த ஆங்கிலப் பிள்ளைகள் எல்லாம் கோர்ட்டு வாசலிலேயே கிடக்கின்றன: பனிஷ், பெனால்டி, சப்பீனா. வலியைச் சொல்லும் ‘பெய்ன்’ கூட அந்த வீட்டுப் பிள்ளைதான். கடைக்குட்டி ‘இம்ப்யூனிட்டி’ மட்டும் இதுவரை எந்தக் கூண்டிலும் ஏறியதில்லை. பெயர் ராசி அப்படி. தண்டனை இல்லாமை என்பதுதான் அதன் பொருளே.

செல்லப்பிள்ளை தனியாக வெளியே போவது அபூர்வம். ‘வித்’ கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். சுடுவார்கள், சுருட்டுவார்கள், எல்லாம் ‘வித் இம்ப்யூனிட்டி’. பிறகு மனித உரிமை அறிக்கை எழுதுவோர் அதற்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்: ‘கல்ச்சர் ஆஃப் இம்ப்யூனிட்டி’. பரதநாட்டியம், பொங்கல் வரிசையில் அதுவும் ஒரு கலாசாரம்! இதில் வசதி என்னவென்றால், கலாசாரத்துக்கு வீட்டு விலாசம் கிடையாது. சம்மனை யார் கையில் கொடுப்பது? இலங்கை பற்றி ஜெனீவாவில் வைக்கப்படும் அறிக்கைகளைப் புரட்டுங்கள். சொல் இருக்கும், ஆள் பெரும்பாலும் இருக்கமாட்டார்.

இந்தத் தண்டனை இல்லாமைக்கு முடிவு கட்டுவோம் என்று 1998லேயே, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனத்தின் முகவுரை சூளுரைத்தது. 2013இல் ஐ.நா. பொதுச்சபை ஒருபடி மேலே போய், பத்திரிகையாளர்களைத் தாக்கியவர்கள் தப்புவதை ஒழிக்க ஒரு நாளையே ஒதுக்கியது: நவம்பர் 2. (தீராத வியாதிக்கெல்லாம் ஒரு தினம் உண்டு அல்லவா!) 2024இல் யுனெஸ்கோ சொன்ன கணக்கு: 2006 முதல் பதிவான பத்திரிகையாளர் கொலைகளில் 85 சதவீதத்துக்கு இன்னும் தீர்வில்லை.