கேள்வி-பதில்: நடுநிலை ஸ்பெஷல்

அமைதிப்படைக்கு எதற்கு சார் துப்பாக்கி?
– கேம்ப் ரோடு வாசகர், சேலையூர்

அமைதியைக் கெடுப்பவரிடம் அது இருக்கிறதே! ஆனால் ஐ.நா. அமைதிப்படைக்கு மூன்று விதிகள் உண்டு. மோதும் தரப்புகளின் சம்மதம் வேண்டும். யார் பக்கமும் சாயக் கூடாது. தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காப்பதற்கும் அன்றிச் சுடக் கூடாது. முதல் விதி இல்லையென்றால் மற்ற இரண்டும் ரொம்ப நாள் தாங்காது.

1987-இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனபோது அந்தச் சம்மதம் இருந்ததா?
– கல்லூரி மாணவி, கிழக்குத் தாம்பரம்

கையெழுத்து இருந்தது. ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் போட்டார்கள். 72 மணி நேரத்தில் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டிய விடுதலைப் புலிகளின் கையெழுத்துதான் இல்லை. நாட்டாமையும் அண்ணனும் பாகப்பிரிவினைப் பத்திரத்தை முடித்துவிட்டு, வயலில் அரிவாளோடு நிற்கும் தம்பிக்கு ஆள் விட்டுச் சொன்ன கதை.

காக்கப் போன படை, சண்டை போடும் படையாக மாறியது எப்படி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குரோம்பேட்டை

கொடுத்த வேலையிலேயே வில்லங்கம் இருந்தது. சண்டை நிறுத்தத்துக்கு உத்தரவாதம் தர வேண்டும். தேவைப்பட்டால் அதை அமல்படுத்தவும் வேண்டும் என்றது ஒப்பந்தத்தின் இணைப்பு. முன்னதற்குப் பொறுமை வேண்டும், பின்னதற்கு பீரங்கி வேண்டும். ஒரே படை இரண்டையும் தூக்கிக்கொண்டு போனது.

செப்டம்பர் 15 அன்று புலிகள் இயக்கத்தின் திலீபன் நல்லூரில் ஐந்து கோரிக்கைகளோடு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். தண்ணீரும் குடிக்கவில்லை. 26-ஆம் தேதி இறந்தார். அக்டோபர் 3-இல் குமரப்பா, புலேந்திரன் உட்பட 17 புலிகளை இலங்கைக் கடற்படை பிடித்தது. பலாலித் தளத்தில் அடைத்தார்கள். கொழும்புக்குக் கொண்டுபோவோம் என்று ஜெயவர்த்தனா அரசு பிடிவாதம் பிடித்தது. அதை டில்லியால் தடுக்க முடியவில்லை. 5-ஆம் தேதி சயனைடு கடித்து 12 பேர் செத்தார்கள். அடுத்து கிழக்கில் சிங்களவர்களைப் புலிகள் கொன்றார்கள். அடுத்த வாரமே புலிகள் மீது இந்தியப் படையின் ‘ஆபரேஷன் பவன்’ தாக்குதல். அக்டோபர் 11 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் ஒருவர்தான் மிஞ்சினார்.

என் கணக்கில், இந்தியாவின் நடுநிலை பலாலியில் அந்த இரண்டு நாளிலேயே முடிந்துவிட்டது. குண்டு வெடித்தது அப்புறம்தான்.

நம் ராணுவம் கட்டுப்பாடாகத்தானே நடந்துகொண்டது?
– முன்னாள் விமானப்படை ஊழியர், ராஜகீழ்ப்பாக்கம்

பல இடங்களில் ஆம். ஆனால் 1987 அக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் இறந்தார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்பது இந்தியத் தரப்பின் வாதம். மறுநாள் காலை கைகளைத் தூக்கிக்கொண்டு வந்த டாக்டரும் சுடப்பட்டார் என்கிறார்கள் உயிர் தப்பியவர்கள். இதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவுமில்லை, ஐயா.

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி (ஓ.டி.ஏ.) அணிவகுப்பு மைதானத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள்?
– வாசகி, ஆலந்தூர்

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். ஓ.டி.எஸ். என்று பெயர் இருந்த காலத்தில் அங்கே பயிற்சி பெற்று 1972-இல் அதிகாரியானவர். 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரைச் சுட்டு வீழ்த்திவிட்டு இறந்தார். இலங்கையில் பணியாற்றிய படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இவர் ஒருவரே. வீரத்தில் குறையில்லை, அவரை அனுப்பிய உத்தரவில்தான் கோளாறு.

திரும்பி வந்த படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லையே, சரியா?
– கடை உரிமையாளர், பல்லாவரம்

தமிழர்களைச் சுட்ட படை என்ற கோபம் அன்று இங்கே நிஜமாகவே இருந்தது. ஆனாலும் உத்தரவு போட்டவர் மேல் உள்ள கோபத்தை, கீழ்ப்படிந்தவர் மேல் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 1,100-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

எதிரிக்கு எதிரி நண்பனா?
– பத்தாம் வகுப்பு மாணவர், பெருங்களத்தூர்

சில மாதங்களுக்கு! இந்தியப் படையை விரட்ட 1989-இல் இலங்கை அதிபர் பிரேமதாசாவின் அரசு புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது. 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்திய வீரர்கள் திரிகோணமலையிலிருந்து கிளம்பினார்கள். ஜூனில் புலிகளும் பிரேமதாசா அரசும் மறுபடி மோதின.

தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் இந்த விவகாரத்துக்கும் என்ன சம்பந்தம்?
– ரயில் பயணி, வண்டலூர்

2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் இங்கே பயிற்சிக்கு வந்தார்கள். முதல்வர் ஜெயலலிதா கண்டித்தார். டில்லி யோசித்து, அவர்களை பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றியது! ‘இந்தியாவில் எங்குமே பயிற்சி கூடாது’ என்றவருக்கு ‘உங்கள் ஊரில் இல்லை’ என்று பதில். கொள்கைக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் போட்டது அன்றுதான்.

துப்பாக்கியே இல்லாமல் போனால் நடுநிலை நிலைக்குமா?
– வழக்கறிஞர், மேடவாக்கம்

இலங்கையில் 2002 சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்க ஐந்து நார்டிக் நாட்டினர் வெறுங்கையோடு வந்தார்கள். 2006-இல் ஐரோப்பிய யூனியன் புலிகளைத் தடை செய்ததும், ‘யூனியன் நாட்டவர் வெளியேறட்டும்’ என்றார்கள் புலிகள். சுவீடன், டென்மார்க், பின்லாந்துக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். கண்காணிப்பாளர் கையில் துப்பாக்கி இல்லை, சரி. அவர் நாட்டுக்கு ஒரு நிலைப்பாடு இருந்ததே!

இந்தியா அமைதிப்படை வேலையை உருப்படியாகச் செய்ததே இல்லையா?
– இல்லத்தரசி, மாடம்பாக்கம்

கொரியா, 1953. ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளைக் காக்கும் பொறுப்பு இந்தியாவுக்கு. ஆணையத் தலைவர் திம்மையா, படைத் தலைவர் தோரட். ஓர் இந்திய மேஜரைக் கைதிகள் முகாமுக்குள் பிடித்துவைத்தபோது, தோரட் சிலரோடு உள்ளே போய்ப் பேசி மீட்டார். பிறகு சுட வேண்டி வந்ததும், கைதிகள் சிலர் இறந்ததும் உண்மை. ஆனால் அங்கே இந்தியாவின் பெயரைப் போர்நிறுத்த ஒப்பந்தத்திலேயே எழுதி, சண்டையிட்ட இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் இல்லாதது அதுதான்.

இரண்டு பக்கமும் திட்டினால் நடுநிலை என்று அர்த்தமா?
– அதே கேம்ப் ரோடு வாசகர்

1989-இல் கொழும்பு திட்டியது, யாழ்ப்பாணம் திட்டியது, சென்னையும் திட்டியது. அன்று நாம் நடுநிலையில் இல்லை. இந்த வாரம் எனக்கு வரப்போகும் கடிதங்களைப் பார்த்து நானும் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது என்று ஆகிவிட்டது, பாருங்கள்!