நரிக்கு விருந்து, நாய்க்கு ஊசி

கேள்வி: அமிர்திக் காட்டு நரிகளுக்கு ரேபிஸ் தடுப்பு மருந்தை இரையில் வைத்து வீசினால் என்ன? (வாசகர், ஆம்பூர்)

பதில்: வீசலாம், உங்கள் ஊர் பிரியாணிக் கடை வாசல் நாய்கள் முந்திக்கொள்ளும்! சுவிட்சர்லாந்தில் 1978-இல் கோழித்தலைக்குள் மருந்து வைத்துக் காட்டில் போட ஆரம்பித்தார்கள்; 1999-இல் நாடே ரேபிஸிலிருந்து விடுபட்டது. ஆனால் அங்கே நோயைச் சுமந்தது செந்நரி. இங்கே மனிதருக்கு அதைப் பெரும்பாலும் தருவது நாய். அப்படியானால் காட்டைக் கைவிடுவதா? இல்லை. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும். காட்டோர நரிக்கும் அதுவே காவல். பிடிபடாத நாயை என்ன செய்வது? அதற்குத்தான் வாய்வழி மருந்து. உலக சுகாதார நிறுவனமும் அதைத் துணைவழியாக ஏற்கிறது. கடிபட்டவர்கள் மட்டும் எந்தத் திட்டத்துக்கும் காத்திராமல், சோப்புப் போட்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடுங்கள்!