தேருக்கு முட்டுக்கட்டை எங்கே?

கேள்வி: வில்லியனூர் தேரோட்ட வீடியோக்களைச் சுருக்க, எஃப்எஃப்எம்பெக்கை வரிசையாக ஓட்டும் பேஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஒரு வீடியோ நிற்கிறது, அடுத்தது தொடங்கிவிடுகிறது. ஏன்?
– வாசகி, மூலக்குளம்

பதில்: தேர் இருக்கிறது, வடம் இருக்கிறது, முட்டுக்கட்டை போட ஆளில்லை! கன்ட்ரோல்-சி எழுப்பும் 2ஆம் எண் சிக்னல் ஸ்கிரிப்டுக்கும் எஃப்எஃப்எம்பெக்குக்கும் சேர்ந்தே போகிறது. பேஷ் உடனே சாகாது. ஓடும் கட்டளை எப்படி முடிகிறது என்று காத்திருந்து பார்க்கும். அது சிக்னலால் செத்தால் தானும் உடன்கட்டை ஏறும். எஃப்எஃப்எம்பெக்கோ சிக்னலைப் பிடித்துக்கொண்டு, கோப்பை ஒழுங்காக மூடிவிட்டுத் தானாக வெளியேறுகிறது. 'அவரே சமாளித்துவிட்டார்' என்று பேஷ் அடுத்த வீடியோவுக்கு நகர்கிறது.

ஸ்கிரிப்டின் முதலில் ட்ராப் 'எக்ஸிட் 130' இன்ட் என்று ஒரு வரி போடுங்கள். (130 என்பது 128 கூட்டல் அந்த 2.) அரைகுறை வீடியோவை அழிக்கும் கட்டளையையும் அந்த மேற்கோள்குறிக்குள்ளேயே, எக்ஸிட்டுக்கு முன்னால் சேருங்கள். இல்லையென்றால் மறுநாள் அதை முழுசு என்று நம்பி, அசல் வீடியோவை அழித்துவிடுவீர்கள்.