கேரம் கையும் பூல் மேசையும்: ஈக்காட்டுத்தாங்கலை முன்வைத்து ஓர் ஆய்வு

கிண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஈக்காட்டுத்தாங்கலில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தபின் தோன்றிய ஒரு சமூகத் துயரம் அறிஞர் கவனத்துக்கு இன்னும் வரவில்லை. தெருமுனை மன்றத்தில் கேரம் ஆடிக் கைதேர்ந்தவர், சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகப் பூல் மேசைக்கு வந்ததும் வெள்ளைப் பந்தையே பாக்கெட்டில் தள்ளிவிடுகிறார். க்யூ கோல் வளைந்திருந்தது, விளக்கு சரியில்லை, மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார் என மூன்று விளக்கங்கள் வழக்கில் உள்ளன. மூன்றும் பொருந்தா. கோளாறு பாதத்தில் தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

விரலைக் குறைசொல்ல இடமில்லை. கேரத்துக்காக 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் இந்தச் சென்னை நகரத்துக்காரர். வேறுபாடு எடையிலும் நாற்காலியிலும் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். காய் 5 கிராமுக்குச் சற்று மேல். எனவே நேராக அடித்தாலும் ஸ்ட்ரைக்கர் காயின் பின்னாலேயே போகும். பூலில் இரு பந்துகளும் ஏறக்குறைய ஒரே எடை. சுழலாமல் வழுக்கிப்போய் நேராக மோதும் வெள்ளைப் பந்து, வேகத்தை முழுதும் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கும். உருண்டுபோய் மோதினால் பின்தொடரும். எது நடக்கும் என்பதை, க்யூ முனை பந்தின் நடுவில் பட்டதா, மேலே பட்டதா, கீழே பட்டதா என்பது பெரிதும் தீர்மானிக்கிறது. 57 மில்லிமீட்டர் பந்தில் அந்த இடத்தைத் தவறாமல் தொட, உடம்பு அசையக்கூடாது. கேரத்தில் இருக்கையை விட்டு எழக்கூடாது என்று சட்டமே ஆளைக் கட்டிப்போடுகிறது. பூல் சட்டமோ ஒரு கால் தரையில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டது. கேடு இந்தச் சுதந்திரத்தில்தான். நாற்காலி இலவசமாகக் கொடுத்த அசையாமையை இங்கே கால்கள் சம்பாதிக்க வேண்டும்: பாதங்களை அகட்டி ஊன்றி, முகவாய் க்யூவுக்கு நேர்மேலே வரக் குனிந்து, முன்கையை மேசையில் அழுத்தி, பின்கையைத் தளர்த்தி, முழங்கைக்குக் கீழே மட்டும் ஊஞ்சலாட விட்டு, பந்து போனபிறகும் நிமிராமல் இருப்பது. கடைசி விதிதான் கடினம். விழுந்ததா என்று பார்க்கும் ஆசையை அடக்க வேண்டுமே!

ஆங்கிலேயன் ஆட்டம் நமக்கு எப்படி வரும் என்பார்கள். பூலின் உறவான ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிறந்தாலும், அதன் விதிகள் உருப்பெற்றது உதகமண்டலம் கிளப்பில். இன்னொரு மறுப்பு கனமானது: 1972இலும் 1982இலும் உலக ஸ்னூக்கர் சாம்பியனான அலெக்ஸ் ஹிக்கின்ஸ், அடிக்கும்போதே துள்ளி எழுவாரே? எழுவார். ஆனால் பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் அவர் க்யூ நேராகப் போனது. நம்மவர்கள் துள்ளலை மட்டும் கற்றுக்கொண்டார்கள்.

பரிகாரம் பழையது. வேறு பந்தே வைக்காமல், வெள்ளையை மட்டும் எதிர்க் குஷனுக்கு அனுப்பி, அது திரும்பிவந்து க்யூ முனையிலேயே முட்டும்வரை பயில வேண்டும். முனை ஓரமாகப் பட்டிருந்தால் பந்து விலகி வந்து காட்டிக்கொடுத்துவிடும். இதை மதியம் ஒன்றரை மணிக்குச் செய்ய இயலாது. வரிசையில் நிற்பவர்கள் விடமாட்டார்கள். ஷிப்டு தொடங்க அரைமணி முன்னதாக வருவது நல்லது. அந்த நேரத்தில் மேனேஜரும் இருக்கமாட்டார்.