நெய்தல் நிலப் பயணத் திட்டமிடல்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்வரத் திட்டம் போடுவது எங்ஙனம் நிகழ்கிறது என்பதை உணர்த்துதல் இக்கட்டுரை நுதலிற்று. இப்பொருள் குறித்து முன்னோர் நூல் எதுவும் செய்திலர். திட்டம் போடும் வீட்டில் உட்கார்ந்து நூல் செய்ய இயலாது என்பது காரணமாகலாம். ஆகவே, தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றையே அளவுகோலாகக் கொண்டோம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, சென்னையிலிருந்து கிளம்ப நினைத்த 11 பேர் கொண்ட ஒரு கூட்டுக் குடும்பம். முடிவை முதலிலேயே சொல்லுதல் மரபன்று, ஆயினும் சொல்லிவிடுகிறோம். கடற்கரைப் பயணத் திட்டத்தில் யாரும் பேசாத ஒரே பொருள் கடல்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நெய்தலுக்கு நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நம் குடும்பங்கள் இதில் பின்பகுதியை மட்டுமே பற்றிக்கொள்கின்றன. கோயில், சைவ ஓட்டல், சம்பந்தி வீடு ஆகியவை கடல் சார்ந்த இடங்கள். எனவே ஊர் தேர்வு எப்போதும் ஒரே வரிசையில் சரிகிறது. கல்லூரியில் படிக்கும் பையன் "கோவா" என்று தொடங்குவான். "அங்க என்னடா கோயில் இருக்கு?" என்பார் பெரியம்மா. "மங்கேசி கோயில் இருக்கு பெரியம்மா, சிவன்தான்" என்று அவன் கூகுளில் பார்த்துச் சொல்லுவதும், "நம்ம ஊரு சிவனையே இன்னும் பார்த்து முடிக்கல" என்று அவர் தீர்ப்பு வழங்குவதும் அடுத்தடுத்து நிகழும்.

அடுத்துப் புதுச்சேரி. இதை வீழ்த்தியவர் பெரியப்பா. அங்கே மணலே கிடையாது, வெறும் கருங்கல் என்றார். துறைமுகம் கட்டியபின் அதற்கு வடக்கே கரை அரித்து, கல் கொட்டிக் காத்தார்கள் என்பது உண்மையே. பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து ஓரளவு மணலை மீட்டதும் உண்மை. பெரியப்பாவின் தரவு சற்றுப் பழையது. புதுச்சேரி தோற்றது மணலால் என்பாரும் உளர். அது பொருந்தாது. சித்தப்பா அந்த ஊரை அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு ஆதரித்தார். சித்தி அவரை ஒருமுறை பார்த்தார். பேச்சு இராமேசுவரத்துக்குப் போய்விட்டது. சான்று போதும் என்க.

இனிப் பொழுது. நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம். பெரும்பொழுது ஆறும் அதற்கு உரியவை. நடைமுறையிலோ பெரும்பொழுது ஒன்றே: பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும் மே மாதம். சிறுபொழுதும் ஒன்றே: உச்சி வெயில். இராமேசுவரத்தில் காலையில் கோயில், பிறகு சாப்பாடு, பிறகுதான் தனுஷ்கோடிக்கு வேன். எற்பாட்டை அங்கே இருந்து அனுபவிப்போம் என்றால், இருட்டுமுன் திரும்பிவிடும்படி காவலர்கள் விரட்டுவார்கள். இலக்கணத்துக்கும் காவல்துறைக்கும் முரண் வந்தால் காவல்துறையே வலியுடைத்து.

பயணச்சீட்டுக்கு வருவோம். ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் முதல் 60 நாள் ஆயிற்று. இதனால் திட்டமிடல் பாதியாகக் குறைந்தது என எண்ணற்க. பெரியப்பா இன்றும் நாலு மாதத்துக்கு முன்பே தொடங்குகிறார். சீட்டு எடுக்க முடியாத முதல் இரண்டு மாதங்களில் கீழ்ப் படுக்கை யாருக்கு என்ற வழக்கு நடக்கும். ஐந்திணை ஒழுக்கங்களுள் ஊடல் மருதத்துக்கும் இருத்தல் முல்லைக்கும் உரியவை. கீழ்ப் படுக்கையை ஒட்டி அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் இடையே எழுவது ஊடல். வெயிட்டிங் லிஸ்ட் 14, 15 என்று வந்தபின் எல்லோரும் செய்வது இருத்தல். பிறகு தட்கல்: ஏ.சி. பெட்டிக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. அந்த நேரத்தில் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. ஓடினால் வைஃபை போய்விடும் என்பது அத்தையின் கொள்கை. அறிவியல் இதை ஏற்கவில்லை. மாப்பிள்ளை ஏற்கிறார்.

கருப்பொருளில் உணவே தலையாயது. தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் தெளிந்த துறை இது. இட்லியைச் சூடு ஆறவிட்டு, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இருபுறமும் தடவி, வாட்டிய வாழையிலையில் அடுக்கிக் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்து நசநசத்துவிடும். புளியோதரை மறுநாளும் தாங்கும். புளியும் எண்ணெயும் காவல். தயிர் சாதத்துக்குப் பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் விட்டால் போகிற வழியில் தானே தோயும். எலுமிச்சை சாதம் மதியத்துக்கு மேல் நம்பத்தக்கதன்று. இதையெல்லாம் இவ்வளவு துல்லியமாக முடிவு செய்த அதே கூட்டத்தில், "அங்க கடல்ல குளிக்கலாமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். யாரும் விடை சொல்லவில்லை. அப்பளத்தை எந்த டப்பாவில் வைப்பது என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தது.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை இது. தனுஷ்கோடியில் சாலையின் இருபுறமும் கடல். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் குளம்போல் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது அப்படியே மாறும். ஊரார் ஆண்கடல், பெண்கடல் என்று வழங்குவர். சாலை முடியும் அரிச்சல்முனையில் நீரோட்டம் கடுமையானது, இறங்காதே என்று பலகையே வைத்திருக்கிறார்கள். குளிப்பதானால் இராமேசுவரம் கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தம். அலை அடங்கிய கடல் அது. ஆனால் அங்கே மூழ்கி எழுந்தபின் கோயிலுக்குள் 22 தீர்த்தம் இருக்கிறது. ஒவ்வொரு கிணற்றடியிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். அது முடிந்து ஈரப் புடவையோடு நிற்கும் ஒருவரிடம், "வாங்க, கடலுக்குப் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

உரிப்பொருள் இரங்கல். இதில் தொல்காப்பியர் வாக்கு எள்ளளவும் பிழைக்கவில்லை. ரயில் செங்கல்பட்டு தாண்டியதும் பெரியம்மாவுக்கு இரங்கல் தொடங்கிற்று: கேஸை மூடினோமா? பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்திருந்தும், அவர் போய்ப் பார்த்து, வால்வைப் படம் எடுத்து அனுப்பியும், அது வேறு யார் வீட்டு சிலிண்டரோ என்ற ஐயம் விருத்தாசலம்வரை நீடித்தது. பாம்பனில் 1914-இல் திறந்த பழைய பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி அப்படியே மேலெழும் புதிய பாலத்தில் ரயில் ஏறிற்று. அந்நேரம் நம்மவர்கள் படுக்கைக்கு அடியில் பைகளை எண்ணிக்கொண்டிருந்தனர்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் முன் மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பயணிகளோடு ஒரு ரயிலே அந்த இரவில் போயிற்று என்று பெரியப்பா பிள்ளைகளுக்குச் சொன்னார். திட்டத்தில் இல்லாத ஒரே பேச்சு அது. பிறகு வேன் அரிச்சல்முனைக்குக் கிளம்பிற்று.

அங்கே ஆய்வாளர்கள் இதுவரை கவனிக்காத ஒருவர் இருக்கிறார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் கால் நனைக்க ஓடியபின், பைகளோடு மணலில் உட்கார்ந்திருப்பவர். அவரை யாரும் நியமிப்பதில்லை. பெரும்பாலும் அவர் வீட்டு மூத்த மாப்பிள்ளை. மரியாதை குறையாமல் உட்காரவைக்க அதுவே வழி. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி அவர் அமர்ந்திருந்தார். கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டோம்.

"நல்லாத்தான் இருக்கும்" என்றார். "அத விடுங்க. நாங்க 11 பேரு. செருப்பு 22தானே இருக்கணும்? மூணு தடவ எண்ணிட்டேன், 23 வருது."