பந்துதான் சிறிசு!

கேள்வி: ட்ரினிடாட் மாதிரி குட்டித் தீவே கால்பந்து உலகக் கோப்பைக்கு ஸ்ட்ரைக்கர்களை அனுப்பியிருக்கிறது. நம்ம கரிசல் சீமையில் அப்படி ஒருத்தர் உண்டா?
- வாசகர், குளத்தூர்

பதில்: ஏன் இல்லை? பந்துதான் கொஞ்சம் சிறிசு! ட்ரினிடாட்டின் கார்னெல் க்ளென், 2006 உலகக் கோப்பையில் ஸ்வீடனின் கோல் கம்பத்தை அதிர வைத்தவர். பிற்பாடு ஷில்லாங் லஜோங், மோகன் பகான் என்று நம் நாட்டுக்கே வந்து ஆடினார்.

நம்மாள் ஹாக்கிக்காரர். கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், முன்கள ஆட்டக்காரர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் தொடங்கிய ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தார். கூடவே எஸ்.கார்த்தி; பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்ட பிள்ளை. பிறந்தது அரியலூர் என்றாலும் மட்டை பிடித்துத் தேறியது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில். அதனால் நமக்கும் பாத்தியதை உண்டு, விட்டுத்தர மாட்டேன்!

கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் தண்ணீரைப் பீய்ச்சி நனைத்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். மானம் பார்த்த பூமியில் விளையாட்டுக்காக நனைகிற இடம், நன்றாக நனையட்டும். கோடையில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை ஹாக்கிப் போட்டி நடக்கும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள்.